நொய் முடிந்து ராகி வந்தது

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஏழு பேர். மேலே, கிணற்று மேட்டில், ஓவர்சீயர் ராமநாதன். அவருக்கு இருபதடி தள்ளி, பூவரச மரத்தடியில் பலகை செதுக்கிக்கொண்டு ஆறுமுக ஆசாரி. கப்பிக் கயிற்றில் மண் கூடை இழுக்கக் காளியம்மாளும் அவள் நாத்தனார் பாவாயியும். கீழே சுரங்கத்துக்குள், அதன் முன் முனையான மண்முகத்தில் வெட்டுகிறவன் சடையன். வெட்டின மண்ணை வாரிக் கூடையில் போட்டுப் பின்னால் இழுத்து வருகிறவன் பழனி. ஏணியில் மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த மேஸ்திரி நான். எட்டாவது ஆள் கிடையாது. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு நாலைந்து பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் யாரும் அங்கே இல்லை.

இப்போது எங்கே சுரங்கம் தோண்டுவதானாலும் முதலில் மண்ணை டப்பாவில் அடைத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். தாள் தாளாக விவரம் திரும்பி வருகிறது. அப்படி வந்த தாள் ஒன்றைச் சூரமங்கலத்தில் என் மகள் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார், என்னோடு கடைசி வருஷங்களில் வேலை பார்த்த சூப்பர்வைசர் ஒருவர். மணல் மணியின் அளவு, ஈரம் எல்லாம் போட்டு, கீழே ஒரு வரி: மணிகள் உருண்டை, முனை தேய்ந்தவை, கவனம் தேவை. "இதெல்லாம் இல்லாத காலத்தில் என்ன செய்தீர்கள்? எழுதிக் கொடுங்கள், நாங்கள் படிக்கிறோம்" என்றார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத உட்கார்ந்தால் எழுத்துப் பிழை வருமோ என்று பாதி நேரம் போய்விடுகிறது. ஆனாலும் அந்த ஒரு வரிக்காக எழுதுகிறேன்.

தொழில் பழகின கதை சின்னது. திருச்செங்கோட்டுப் பக்கம் கிணறு வெட்டுகிற கூட்டத்தோடு போனபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. மேட்டூரில் அணை கட்டின காலத்தில் ஐந்து வருஷம் மண் வேலை. அங்கேதான் மரச்சட்டம் கொடுத்து மண்ணைத் தாங்க வைக்கிற வேலையைக் கற்றுக்கொண்டேன். எதைப் பார்த்தாலும் இது விழுந்துவிடுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். ஏணியைக் கட்டின கயிறு அவிழ்ந்துவிடுமோ என்று அதன்மேல் இன்னொரு கயிறு கட்டுவேன். "மேஸ்திரி கயித்துக்குக் கயிறு கட்டுற ஆளு" என்று சிரிப்பார்கள். அந்தப் பயத்தினால்தான் என்னை மேஸ்திரியாக்கினார்கள் என்று நினைக்கிறேன். என் வேலையில் அந்த நாள் வரை ஒருவருக்கும் அடிபட்டதில்லை.

அணை வேலை முடிந்து ஆட்களெல்லாம் கலைந்த சமயம், மோகனூருக்கு மேற்கே ஒரு வேலை வந்தது. எட்டுத் தோட்டக்காரர்கள் பணம் போட்டுக் காவிரித் தண்ணீரைத் தங்கள் பக்கம் கொண்டுவர நினைத்தார்கள். நடுவில் கரை மேடு உயரம். மேட்டுக்கு இந்தப் பக்கம் பெரிய கிணறு ஒன்றை வெட்டி, அதன் அடியிலிருந்து ஆற்றை நோக்கி நூற்று நாற்பது அடி சுரங்கம் போட வேண்டும். தண்ணீர் தானாகக் கிணற்றுக்கு வந்துவிடும், ஆயில் எஞ்சின் வைத்து இறைத்துக்கொள்ளலாம். சுரங்கத்தின் உயரம் ஐந்தடி, அகலம் நாலடி. குனிந்துதான் போக வேண்டும்.

மணல் நிலத்தில் சுரங்கம் போடுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் கால், மேலே குறுக்குக் கட்டை. இது ஒரு சட்டம். ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் மேலாகப் பலகைகளை முன்பக்கமாக அடித்துச் செலுத்த வேண்டும். பலகை மண்ணுக்குள் போன பிறகுதான் அதன் அடியில் வெட்ட வேண்டும். தலைக்குமேல் பலகை இல்லாத இடத்தில் மண்வெட்டி போடக் கூடாது. சட்டம் எத்தனை அடிக்கு ஒன்று, பலகை எவ்வளவு நெருக்கம் என்பதை மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மண்ணைப் பார்ப்பது என்றால் எங்கள் ஆட்களுக்கு இரண்டே பெயர்தான். நொய், ராகி. அரிசி குத்தும்போது உடைகிறதே, அந்த மாதிரி ஓரமும் மூலையுமாக இருந்தால் நொய். பாறை மேட்டிலிருந்து மழையில் இறங்கி, அதிக தூரம் போகாமல் தங்கின மணல். ஒன்றின் மூலை இன்னொன்றின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். வெட்டினால் சுவர் மாதிரி நிற்கும். ஆற்றில் வெகுதூரம் உருண்டு மூலையெல்லாம் தேய்ந்து போயிருந்தால் அது ராகி. ஈரம் இருக்கிற வரைக்கும் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். கொஞ்சம் காய்ந்தால், மூட்டையில் ஓட்டை விழுந்து ராகி கொட்டுகிற மாதிரி கொட்டும். ஒரு சிட்டிகை எடுத்துக் காதோரம் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்போம். நொய் நறநறவென்று சத்தம் போடும். ராகி சத்தமில்லாமல் நழுவிவிடும்.

இனி ஓவர்சீயரைப் பற்றி. கும்பகோணத்துப் பக்கத்து மனிதர். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கான்ட்ராக்டரிடம் இருந்தார். குரலை உயர்த்தமாட்டார். நாம் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பத்து எண்ணுகிற நேரம் பேசாமல் இருப்பார், பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு நோட்டில் எழுதுவார். எழுதினதை நமக்கே வாசித்துக் காட்டி, "சரிதானே?" என்பார். எதையும் இரண்டு தரம் அளப்பார். இரண்டும் ஒத்துவந்தால் சந்தேகப்பட்டு மூன்றாம் தரம் அளப்பார். எல்லாரையும் நீர், உம்மை என்றுதான் பேசுவார், கூடைக்காரப் பெண்களையும்கூட. பாவாயிக்கு அது பெரிய வேடிக்கை. அவர் தலை மறைந்ததும் காளியம்மாளைப் பார்த்து, "நீர் கயித்தப் புடியும்" என்பாள். முழங்கால் வலியால் ஏணி இறங்குவது அவருக்குச் சிரமம். மண் மாதிரி டப்பாவில் மேலே போகும். டப்பா மூடியில் கொட்டி வெயிலில் காயவைத்து, பித்தளைச் சல்லடை ஐந்தில் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சலித்து, ஒவ்வொன்றிலும் நின்றதை நிறுத்து எழுதிக்கொள்வார்.

முதல் நாள் சுரங்கம் தொடங்கியபோது, "நொய் மணலுங்க" என்று நான் சொன்னேன்.

"நொய்யா?" என்றார். பத்து எண்ணுகிற நேரம். "அப்படியானால் மூன்றடிக்கு ஒரு சட்டம். பலகை இடைவெளி இல்லாமல்."

எங்களுக்கு ஆச்சரியம். நொய்க்கு நாலரை அடி தாராளம். "ஓவர்சீயருக்கு நம்ம மேஸ்திரிய விடப் பயமாட்ட இருக்குது" என்றான் சடையன். அவன் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன். அந்த வட்டாரத்தில் மண்முகத்தில் அவன் அளவுக்கு வெட்டத் தெரிந்தவர்கள் குறைவு. மரம் கூடுதலாகச் செலவானால் கான்ட்ராக்டருக்குத்தானே என்று நாங்களும் பேசாமல் போட்டோம். தொண்ணூறு அடி வரை ஒரு மணல்மணி உதிரவில்லை.

தொண்ணூறு தாண்டின செவ்வாய்க்கிழமை காலையில் சடையன் என்னை உள்ளே கூப்பிட்டு, ஒரு சிட்டிகையை என் காதருகே தேய்த்தான். சத்தமே இல்லை.

"நொய் தீந்து போச்சுங்க மேஸ்திரி. ராகி வந்திருச்சு. மேல போயிச் சொல்லுங்க, சட்டத்த நெருக்கோணும்."

டப்பாவில் மண் எடுத்துக்கொண்டு மேலே போனேன். "ஏனுங்க, நொய் முடிஞ்சிருச்சுங்க. ராகி வந்திருச்சுங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அப்பாடா" என்றார். டப்பாவைத் திறந்து ஈர மண்ணைப் பார்த்தார். "ஆமாம், ராகி நிறம்தான். தொண்ணூறு அடி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தோம். இனி நாலரை அடிக்கு ஒன்று போதும். மேல் பலகையையும் நெருக்க வேண்டாம், ஒரு விரல் இடம் விடலாம்."

நான் நின்றேன். சொன்னது தலைகீழாக இருக்கிறதே என்று பட்டது.

"என்ன மேஸ்திரி, நிற்கிறீர்?"

"ஒண்ணுமில்லைங்க."

இதைத்தான் சொன்னேன். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சல்லடை வைத்திருக்கிறவர், நோட்டில் எழுதுகிறவர், எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் மண் காய்ந்ததும் சலித்துப் பார்த்தார். ஐந்து சல்லடையிலும் எடை முந்தின மண்ணைப் போலவே வந்தது. அதையும் வாசித்துக் காட்டினார். எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

கீழே போய் உத்தரவைச் சொன்னேன்.

"நாலரையா?" என்றான் சடையன். "ராகீன்னு சொன்னீங்களா, இல்லியா?"

"சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"அப்பாடான்னாரு."

"கயித்துக்குக் கயிறு கட்டுற ஆளு, இதுக்கு வாயத் தொறக்கலீங்களா?"

"சலிச்சுப் பாத்துட்டாரப்பா. ரெண்டும் ஒண்ணுதான்னு வருது."

"சல்லடைக்கு என்னங்க தெரியும்? அது வெறும் ஓட்டை." சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். கூலி வாங்குகிறவன் அதற்கு மேல் என்ன செய்வான்?

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. புது உத்தரவுப்படி இரண்டு சட்டம் நின்றது, மூன்றாவதற்கு ஆசாரி கட்டை செதுக்கிக்கொண்டிருந்தார். பழனி நிறைந்த கூடையை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தான். நான் கூடைக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே முறத்தில் தானியம் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. பழனிக்குக் கேட்கக்கூட இல்லை.

நான் தவழ்ந்து போனபோது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மேல் பலகைக்கு நடுவில் விட்டிருந்த ஒரு விரல் இடைவெளி இரண்டு சாணாகத் திறந்திருந்தது. அதிலிருந்து மணல் தண்ணீர் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. கடைசிச் சட்டத்தின் இடது கால் பெயர்ந்து சடையனின் தொடைமேல் கிடந்தது. மணல் அவன் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது.

பின்னாலேயே வந்த பழனி இரண்டு கையாலும் மணலை வார ஆரம்பித்தான். சடையன் அவனுக்குத் தாய்மாமன்.

"வாராதே!" என்று கத்தினேன். அவன் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினேன். ராகி மணலில் ஆள் மாட்டிக்கொண்டால் மண்ணை வாரக் கூடாது. ஒரு கூடை வாரினால் மேலிருந்து ஒன்றரைக் கூடை வரும். ஓட்டையின் வாயைத்தான் முதலில் அடைக்க வேண்டும்.

"காளியம்மா! சாக்கு இருக்கிறதையெல்லாம் தண்ணியில நனைச்சுப் போடு! கோரைப்புல்லு கட்டு கட்டாப் போடு! ஆசாரி, ரெண்டடிப் பலகை, ஒரு முனை கூரா, எட்டு!"

சாக்கு வந்தது, புல் வந்தது. கூடவே பெண்கள் தலையில் வைக்கிற சும்மாடு இரண்டும் நனைத்து வந்தது. புல்லைச் சாக்கில் சுருட்டி ஓட்டையில் திணித்தேன். முதல் சுருட்டை மணல் தள்ளிக்கொண்டு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதில் சும்மாட்டைச் சேர்த்துத் திணித்தபோது நின்றது. ஓரங்களில் மட்டும் நூல் மாதிரி ஒழுகிற்று.

திரும்பிப் பார்த்தால் ஓவர்சீயர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் தவழ்ந்து வந்திருந்தார். "எதை முதலில் செய்ய வேண்டும், சொல்லும்" என்றார்.

"விளக்கைப் புடிங்க. பலகையக் கேக்கக் கேக்கக் குடுங்க. சுவரத் தொடாதீங்க."

அவருக்கு நான் உத்தரவு போட்டது அதுதான் முதல் தரம். கேட்டபடி செய்தார்.

கூர்ப் பலகையை ஒவ்வொன்றாகச் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி மேலே செலுத்தினோம். ஓங்கி அடித்தால் மணல் அசையும். எட்டுப் பலகையும் விரல் நுழையாமல் சேர்ந்த பிறகு, புதுச் சட்டம் ஒன்றைப் பெயர்ந்த சட்டத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தி ஆப்பு வைத்தோம். அதுவரை சடையனை யாரும் தொடவில்லை. அவன் முகம் சாம்பலாகிவிட்டது.

"மேஸ்திரி" என்றான்.

"பேசாதே. மூச்சு வாங்கும்."

"இப்பவாச்சும் வாயத் தொறந்தீங்களே."

ஓவர்சீயர் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். அவன் எதைச் சொல்கிறான் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

அதன்பின் மணலை வாரினோம். கையால், சிரட்டையால். கட்டையைத் தூக்கி ஆளை வெளியே எடுத்தபோது மணி ஒன்றரை. இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பழனியும் பெண்கள் இருவரும் கூடப் போனார்கள்.

ஓவர்சீயர் கிணற்று மேட்டில் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் தோல் உரிந்திருந்தது. "நொய் முடிந்தது என்று நீர்தானே சொன்னீர்?" என்றார். கோபம் இல்லை, கணக்குக் கேட்கிற மாதிரிதான்.

"ஆமாங்க. நொய்யி இருந்த மட்டும் நின்னுச்சுங்களே."

பத்து எண்ணுகிற நேரம். இருபது எண்ணுகிற நேரமும் ஆயிற்று.

"நொய் என்றால் உங்கள் ஊரில் என்ன?"

"ஒடஞ்ச அரிசிங்க."

"எங்கள் பக்கம் அதைக் குருணை என்போம். நொய் என்று நீர் சொன்னதை நான் நொய்ந்த மண், வலுவில்லாத மண் என்று எடுத்துக்கொண்டேன். ராகி என்றதும் நிறத்தைச் சொல்கிறீர், கெட்டியான செம்மண் வந்துவிட்டது என்று நினைத்தேன்."

இரண்டு டப்பாவையும் கேட்டு வாங்கினார். பழைய மண்ணை ஒரு மூடியிலும் புது மண்ணை இன்னொரு மூடியிலும் உயரத்திலிருந்து மெதுவாகக் கொட்டினார். நொய் கூம்பாகக் குவிந்தது. ராகி தட்டையாகப் பரவி மூடி விளிம்பைத் தாண்டி வழிந்தது. சின்ன எழுத்துப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஒன்று உடைந்த அரிசி, ஒன்று கேழ்வரகு. எங்கள் ஆட்கள் கண்ணாடி இல்லாமல் வைத்த பெயர்.

"சல்லடை அளவைத்தான் சொல்கிறது. உருண்டையா, மூலையா என்று சொல்லவில்லை" என்றார். பிறகு, "நான் அப்பாடா என்றபோது நீர் நின்றீர். தவறு என்று உமக்குத் தெரிந்ததா?"

"தெரிஞ்சுதுங்க."

"ஏன் சொல்லவில்லை?"

"பயமாயிருந்துச்சுங்க. நீங்க எழுதறவங்க."

அவர் நோட்டை எடுத்து எழுதி வாசித்துக் காட்டினார்: 'மண்ணின் பெயரை ஓவர்சீயர் தவறாக விளங்கிக்கொண்டார். மேஸ்திரிக்குத் தவறு தெரிந்தும் சொல்லவில்லை. வெட்டியவன் மேல் குற்றம் இல்லை.' வாசித்துவிட்டு, "சரிதானே?" என்றார். சரி என்றேன்.

கடைசி வரியை அவர் எழுதினது நல்லதாயிற்று. மறுநாள் வந்த கான்ட்ராக்டர், வெட்டுகிறவன் குடித்திருப்பான், இல்லாவிட்டால் சட்டம் எப்படிப் பெயரும் என்று ஆரம்பித்தார். ஓவர்சீயர் நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தார். கான்ட்ராக்டர் படித்துவிட்டு, எழுதினவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று இருபது ரூபாயை வைத்துவிட்டுப் போய்விட்டார். மீதிச் சுரங்கத்தை இரண்டடிக்கு ஒரு சட்டம் போட்டு முடித்தோம். மண்முகத்தில் பழனி வெட்டினான். ஒவ்வொரு நாள் காலையிலும் ஓவர்சீயர் ஏணியில் இறங்கி வந்து, அவன் தேய்க்கிற சிட்டிகைக்குக் காது கொடுத்துவிட்டுத்தான் மேலே போனார்.

அதற்குப் பிறகு நான் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். பள்ளிபாளையத்தில் ஓர் ஆலைக்குக் குழாய் பதிக்கத் தோண்டினபோது, படித்த என்ஜினீயர் ஒருவரிடம் "இது ஆகாதுங்க" என்று நேராகவே சொன்னேன். அவர் எரிச்சலோடு ஒப்புக்கொண்டார். அந்த மண் உண்மையிலேயே ஓடியிருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சடையனுக்கு எலும்பு கூடிற்று, ஆனால் கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. குனிந்து வெட்டுகிற வேலை அதோடு போயிற்று. தோட்டக்காரர்கள் அவனை எஞ்சின் கொட்டகைக்குக் காவலாகப் போட்டார்கள். போன கூலிக்கு என்று ஓவர்சீயர் அறுபது ரூபாய் கணக்குப் போட்டார். "தவறு இரண்டு பேருடையது. முப்பது என்னுடையது, முப்பது உம்முடையது" என்றார். தன் பங்கை அந்த மாதச் சம்பளத்திலேயே கொடுத்துவிட்டார். எனக்கு மாதம் பதினெட்டு ரூபாய். ஒன்றும் இரண்டும் எட்டணாவுமாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன்.

இருபத்திரண்டரை ரூபாய் வரைக்கும் வாங்கிக்கொண்டான். மீதியை மொத்தமாகக் கொண்டுபோன அன்றைக்குக் கை நீட்டவில்லை.

"வேண்டாமுங்க மேஸ்திரி."

"ஏன், கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. எல்லாத்தையும் குடுத்துப்போட்டா நீங்க நிம்மதியாத் தூங்கிப்போடுவீங்க. எனக்குத்தான் மழ மோடம் போட்டா இந்தக் காலு தூங்க உடாது. கொஞ்சம் இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு தரம் போனேன். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பான், பணத்தை எடுத்தால் திரும்பிக்கொள்வான். போன வருஷம் அவன் இறந்த பதினாறாம் நாள் அவன் மகளிடம் கொடுத்துப் பார்த்தேன். "உங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னு அப்பன் சொல்லிப்போட்டுப் போயிருக்குதுங்க" என்றாள்.

ஏழு ரூபாய் எட்டணா, இன்னும் பாக்கி.